செர்வா அக்காவின் சோத்தாங்கை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பெண் தன் இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே நீட்டி, எது எந்தக் கை என்று தெரியாமல் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றதை என் அறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் குழந்தை இல்லை, நாற்பதைத் தாண்டியவர். தலை பின்னுவதில் அக்ரா நகரத்தின் இந்தப் பக்கத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அப்படிப்பட்ட கைகளை அவர் யாருடைய கைகளையோ பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். இது கதை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

ஒருத்தர் கலங்கி நிற்கும்போது இன்னொருத்தர் பேனாவைத் தேடுவது நல்ல பழக்கம் இல்லைதான். ஆனால் அன்றைக்கு முற்றத்தில் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது நான் மட்டும் இல்லை. தாழ்வாரத்துக் கூரையின் அடியிலிருந்து ஒரு கேமரா பார்த்தது. படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு மாணவி தன் கேமரா வழியாகப் பார்த்தாள். மூன்று கருவிகளில் மின்சாரம் தேவைப்படாதது நான்தான்.

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"கண்காணிப்பு என்பது அதிகாரத்தின் ஆதி வடிவம். மனிதன் தன்னைத் தானே" (அடித்துவிட்டேன். அந்த வாக்கியம் எங்கே போகிறது என்று அதற்கே தெரியவில்லை.)

"அக்ராவின் காலை வெளிச்சம் கடலின் உப்புக் காற்றோடு கலந்து" (எங்கள் வீட்டிலிருந்து கடலுக்கு இரண்டு வண்டி மாற வேண்டும். இங்கே வருவது பக்கத்து வீட்டில் மீன் வறுக்கும் வாடை.)

"அட்டகோரா ஐயா வீட்டில் இல்லாமலேயே வீட்டில் இருந்தார்."

இது பரவாயில்லை. இதைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

2

அட்டகோரா ஐயா எங்கள் வீட்டுக்காரர். ஹாம்பர்க்கில் இருக்கிறார். வெளிநாடு போய்ச் சம்பாதித்தவரை இங்கே போகா என்பார்கள். அவர் அனுப்பிய பணத்தில் தம்பி குவாக்கு நின்று கட்டிய வீடு இது. நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள், பொதுவாக ஒரு சமையலறை, பொதுவாக ஒரு குழாய், பத்துக் குடும்பம். வீட்டுக்காரர் இந்த வீட்டில் ஒரு ராத்திரிகூடப் படுத்ததில்லை. வீட்டை நேரில் பார்த்ததே இல்லை. கட்டி முடித்ததும் ஆள் வைத்து முற்றத்தில் ஒரு கேமரா மாட்டச் சொன்னார். அதில் ஒலிபெருக்கியும் உண்டு. அங்கிருந்து பார்ப்பார், அங்கிருந்தே பேசுவார்.

"யாருடா அது குழாயத் தெறந்து விட்டுட்டுப் போனது? தண்ணி என்ன உங்க மாமனார் வீட்டுதா?"

சுவர் இப்படித் திடீரென்று பேசும். முதல் மாதம் பயந்தோம். பிறகு பழகிவிட்டது. அவர் பார்க்கும்போது மட்டும் கேமராவில் ஒரு சிவப்புப் பொட்டு எரியும். அது எரிந்தால் பொரித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்ற மாட்டோம்.

ஆனால் இன்னொரு சங்கடம் வந்தது. பெரியவர் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது வணக்கம் சொல்லாமல் கடந்து போவது இந்த ஊரில் நடக்கவே நடக்காத காரியம். பெரியவர் சுவரில் ஆணியடித்து மாட்டப்பட்டிருந்தாலும் அதேதான். பெரும்பாலானவர்கள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கேமராவுக்கு நேர் அடியில் அதன் கண்ணுக்கு எட்டாத ஒரு ஒடுக்கமான பாதை உண்டு. சுவரோடு ஒட்டி, பல்லி மாதிரி அதில் போய்விடுவார்கள். நேராக முற்றத்தின் நடுவில் வந்து வணக்கம் சொன்னவர்கள் இரண்டே பேர்.

ஒருவர் செர்வா அக்கா. வாசல் பக்கத்து இரண்டு அறையில் குடியிருக்கிறார். ஒன்றில் படுக்கை, ஒன்றில் தலை பின்னும் கடை. தினமும் விடிந்ததும் வெளியே வந்து, முழங்காலை லேசாக மடக்கி, வலது கையை உயர்த்தி, "காலை வணக்கம் ஐயா, நல்லா தூங்குனீங்களா? அங்க குளிரு எப்படி?" என்று கேட்பார். பதில் வரும் வரை கையை இறக்க மாட்டார்.

இன்னொருவர் நான். அரிசிக் கிடங்கு ஒன்றில் இருப்பு பார்க்கும் வேலையாக இந்தியாவிலிருந்து வந்து இருபது வருடம் ஓடிவிட்டது. வீட்டுக்காரரைப் பகைத்துக்கொள்ளக் கூடாது என்பது எங்கே போனாலும் நான் கூடவே எடுத்துப்போகும் கொள்கை. இங்கே எனக்குப் பெயர் அரிசி அண்ணன்.

கதைக்குத் தேவையான ஒரு விவரம்: இந்த ஊரில் நொட்டாங்கையால், அதாவது இடது கையால், வணக்கம் சொல்வது, பொருள் நீட்டுவது, வழி காட்டுவது எல்லாமே கெட்ட வார்த்தை பேசுவது மாதிரி. நமக்கும் இது புதிதல்ல. ஆனால் நான் பிறவி நொட்டாங்கைக்காரன்.* வணக்கம் சொல்ல அதுதான் முதலில் எழும்பும். வீட்டில் எல்லோரும் திட்டுவார்கள். "அரிசி, அந்தக் கைய இறக்கு. பாக்குறாரு" என்று டெட்டே பல்லைக் கடிப்பான். டெட்டே எதிர் அறையில் இருக்கும் லாரி ஓட்டுநர்.

ஆச்சரியம் என்னவென்றால் வீட்டுக்காரருக்கு என்மேல் தனிப் பிரியம்.

"அந்த இந்தியாக்காரனப் பாத்துக் கத்துக்கோங்கடா" என்று சுவர் சொல்லும். "வேத்து நாட்டான். அவனுக்குத் தெரிஞ்ச மரியாதை உங்க யாருக்காவது தெரியுதா?"

என் பணிவு கையையும் தாண்டி அவருக்குத் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன். மனிதனுக்குப் பாராட்டு கிடைத்தால் காரணம் கேட்கத் தோன்றாது.

* இந்தக் கதையையும் அந்தக் கையால்தான் எழுதுகிறேன். இந்த ஊர் வழக்கப்படி, நொட்டாங்கையை நீட்டுவதற்கு முன் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

3

இங்கே வீட்டுக்காரரை ஒரு கொடுங்கோலராக எழுதிப் பார்த்தேன். இரண்டு பத்தி நன்றாக வந்தது. பிறகு ஒருநாள் டெட்டேயின் மனைவி இருமிக்கொண்டே துணி பிழிந்தபோது சுவர் பேசியது ஞாபகம் வந்தது.

"மூணு நாளா இருமுறியே. இஞ்சியத் தட்டிப் போட்டுக் குடி. சாயங்காலம் ஈரத்துல நிக்காத."

ஒற்றை அறையில், சாப்பாட்டு மேசையில் போனைச் சாய்த்து வைத்து, தனியாகச் சாப்பிட்டுக்கொண்டே எங்கள் முற்றத்தைப் பார்க்கும் ஒரு வயதானவர் என் கண்முன் வந்தார். மற்றவர்கள் தொடர் நாடகம் பார்ப்பது மாதிரி. கொடுங்கோலர் பத்திகளை எடுத்துவிட்டேன். கதைக்கு அது நஷ்டம்.

இப்போது மாணவியைக் கொண்டு வர வேண்டும். செலாசி. மூலை அறையில் குடியிருப்பவள். திரைப்படக் கல்லூரியில் கடைசி வருடம். தேர்வுக்கு ஓர் ஆவணப்படம் எடுத்துத் தர வேண்டும். கண்காணிப்புக் கேமராக்களைப் பற்றி எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டாள். பேராசிரியர் எழுந்து நின்று கை கொடுத்தாராம்.

முதலில் தெருவுக்குப் போனாள். ஒரு பெரிய கட்டடத்தின் வாசலில் இருந்த கேமராவைப் படமெடுக்க முக்காலியை விரித்ததும் காவலாளி ஓடி வந்தார்.

"கேமராவ எடுக்க அனுமதி வாங்கியிருக்கியா?"

"அந்தக் கேமரா என்னை எடுக்குதே, அதுக்கு யாரு அனுமதி குடுத்தா?"

"அது வேற கேமரா. அது மாட்டியிருக்கு. நீ கையில வச்சிருக்க."

இப்படி நாலு இடத்தில் துரத்தப்பட்ட பிறகுதான், வீட்டு முற்றத்திலேயே ஒன்று தொங்குகிறதே என்று அவளுக்கு உறைத்தது. படத்துக்குப் பெயரும் வைத்துவிட்டாள்: 'கூரைக்கடியில் ஒரு கண்.' தெரியும் முகம் ஒவ்வொன்றிடமும் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது கல்லூரி விதி. டெட்டே தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மேல இருக்கறவரு வருஷக்கணக்கா எடுக்குறாரு. ஒரு கையெழுத்துக் கேட்டாரா? பெருந்தன்மையான மனுஷன். நீ பேனாவத் தூக்கிட்டு வர்ற."

சுவரிடமும் சம்மதம் கேட்டாள். மறுநாள் சொல்கிறேன் என்றது. மறுநாள், கோட் போட்டு உட்கார்ந்திருப்பதாகவும் ஆரம்பிக்கலாம் என்றும் சொன்னது.

"ஐயா, உங்க முகம் வராது. குரல் மட்டும்தான்."

"அதனால என்னம்மா? கோட் இல்லாம பேசுனா குரல்லயே தெரிஞ்சிடும்."

ஒரு மாதம் எடுத்தாள். எடுத்தவரை பேராசிரியரிடம் காட்டிவிட்டு வந்து என் வாசலில் உட்கார்ந்தாள்.

"எதிர்ப்பு எங்கேன்னு கேக்குறாரு, அண்ணே. அதிகாரம் இருந்தா எதிர்ப்பு இருக்கணுமாம். நான் எடுத்ததுல அவரு முன்னாடி வர்றவங்க வணக்கம்தான் சொல்றாங்க. அத வெட்டிடச் சொன்னாரு. வெட்டினா மிச்சம் குழாய் மட்டும்தான் இருக்கு."

இந்தப் பேராசிரியர் கொஞ்சம் மிகையாகத் தெரிகிறாரே என்று நீங்கள் நினைக்கலாம். நான் குறைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.

4

எதிர்ப்பு இல்லாத குறையைச் சுவரே தீர்த்து வைத்தது.

அன்றைக்குக் காலையில் செர்வா அக்கா வழக்கம் போல முற்றத்தின் நடுவில் வந்து முழங்கால் மடக்கிக் கையை உயர்த்தினார். செலாசி படிக்கட்டில் கேமராவோடு இருந்தாள். சிவப்புப் பொட்டு எரிந்தது.

"செர்வா. அங்கேயே நில்லு."

"சொல்லுங்க ஐயா."

"எவ்வளவு நாளு பொறுத்துப் பொறுத்துப் பாக்குறது? எந்தக் கையால எனக்கு வணக்கம் சொல்ற?"

"இந்தக் கையாலதான் ஐயா." இன்னும் உயர்த்திக் காட்டினார்.

"பாத்தியா, மறுபடியும் அதையே ஆட்டுற. நான் பொறந்ததுல இருந்து ஒருத்தனும் எனக்கு நொட்டாங்கைய ஆட்டினதில்ல. வாய் நெறைய ஐயா, கை பூரா அவமானம்."

"ஐயா, இது சோத்தாங்கை."

"நான் கண்ணால பாத்துக்கிட்டிருக்கேன், நீ எனக்குச் சொல்லித் தர்றியா? இந்த மாசத்தோட நீ முன்கூட்டிக் கட்டின வாடகை அட்வான்ஸ் முடியுது. புதுசா வாங்கறதா இல்ல. வேற எடம் பாத்துக்கோ."

பொட்டு அணைந்தது. கொஞ்ச நேரத்தில் எல்லோர் போனிலும் ஒரு துண்டுப் படம் வந்து விழுந்தது. சாட்சிக்காக அவரே அனுப்பியிருந்தார். முற்றம், செர்வா அக்கா, உயர்ந்த கை. முற்றத்தில் இருந்தவர்கள் தலையோடு தலை முட்டிப் பார்த்தார்கள், நான் ஜன்னலில் நின்று என் போனில் பார்த்தேன். சந்தேகமே இல்லை. இடது கை.

"இடதுதான் அக்கா" என்றான் டெட்டே. "தெளிவா இருக்கே."

"நீ எனக்கு எதுத்தாப்லதான பல்லு விளக்கிட்டு நின்ன? நீ என்ன பாத்த?"

"வலதுன்னுதான் நெனச்சேன். ஆனா நான் என்ன கேமராவா?"

அப்போதுதான் செர்வா அக்கா தன் இரண்டு கைகளையும் நீட்டிப் பார்த்தார். முதல் பத்தியில் நான் சொன்னது இதைத்தான். சாப்பிடும் கை எது என்று பார்க்க வாய் வரை ஒன்றைக் கொண்டு போனார். பாதியில் நிறுத்தினார். பத்துப் பேர் ஒரு படத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினால், சொந்தக் கை சொல்வதைக் கேட்க யாருக்குத் தைரியம் வரும்? எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. ஜன்னலை விட்டும் நகரவில்லை.

மறுநாள் தலை பின்னும் கருப்பு நூலை வலது மணிக்கட்டில் முடிந்துகொண்டு வந்தார். நூல் கட்டிய கை எதுவோ அதைத்தான் தூக்க வேண்டும், தப்பவே தப்பாது என்று கணக்கு. தூக்கினார்.

"நூல அந்தக் கைக்கே கட்டிக்கிட்டு வந்து காட்டுறியா?" என்றது சுவர். "எவ்வளவு கொழுப்பு உனக்கு."

அந்த வாரம் அவர் பின்னிய தலைகளில் வகிடு கோணியது. வாடிக்கையாளர்கள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் போனார்கள்.

5

செலாசி ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டாள். கணினியில் படத்தை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு காட்சி ஒண்ணோட ஒண்ணு ஒட்ட மாட்டேங்குது அண்ணே. வந்து பாருங்க."

அந்தக் காலையை அவளும் எடுத்திருந்தாள், சுவரும் எடுத்திருந்தது. அவள் எடுத்ததில் செர்வா அக்கா கையை உயர்த்துகிறார். அடுத்து சுவர் எடுத்த துண்டை ஒட்டினால், கை மாறிவிடுகிறது. கை மட்டும் இல்லை. சமையலறையிலிருந்து நடந்து வந்தவர் எதிர்ப்பக்கத்திலிருந்து நடந்து வருகிறார். குழாய் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் குதிக்கிறது. டெட்டேயின் அறைக்கு வந்த வெயில் என் அறைக்கு வருகிறது.

"நம்ம வீடே திரும்பிக் கெடக்கு" என்றாள்.

காரணம் சின்னதுதான். கேமராவைக் கூரையடியில் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள். படம் தலைகீழாக வந்திருக்கும். மாட்டியவன் மேல்கீழை மட்டும் திருப்பிச் சரி செய்துவிட்டுப் போயிருக்கிறான். இடம்வலத்தையும் திருப்ப வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. மனிதர்கள் காலில் நின்றால் போதும் என்று நினைத்திருக்கிறான். வீட்டுக்காரரின் போனிலேயே அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. ஒரு தட்டு.

எனக்கு அடுத்தடுத்து இரண்டு விஷயம் விளங்கியது. முதலாவது, என் மரியாதையின் ரகசியம். இருபது வருடத்தில் இந்த ஊரில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு, மேல்கீழை மட்டும் திருப்பிய ஒரு மின்பணியாளன் போட்டது.

இரண்டாவது பெரிது. கேமரா மாட்டிய அந்த வாரம் சுவர் போட்ட முதல் கூச்சல் எங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. தம்பி குவாக்கு முற்றத்தில் நின்றிருந்தார்.

"வரைபடத்துல சமையலறை வலது பக்கம். நீ இடது பக்கம் கட்டியிருக்க. வீட்டையே புரட்டிக் கட்டியிருக்கியேடா. என் காசுல என்ன வெளயாட்டு இது?"

"அண்ணே, நான் சமையலறை வாசல்லதான் நிக்கிறேன். வலதுதான்."

"நான் பாத்துக்கிட்டே இருக்கேன், பொய் சொல்றியா?"

குவாக்கு கையிலிருந்த சாவிக்கொத்தைக் குழாய்மேல் வைத்துவிட்டுப் போனவர்தான். மூன்று வருடமாக அண்ணன் தம்பி பேச்சு இல்லை. கேமரா கண்டுபிடித்த முதல் குற்றம் அதனுடைய சொந்தக் குற்றம்.

செலாசி அங்கேயே பேராசிரியருக்குப் போன் போட்டாள். ஒலியைப் பெரிதாக வைத்தாள்.

"பிரமாதம்" என்றார் அவர். "யார்கிட்டயும் சொல்லிடாத. அந்தம்மா வீட்டக் காலி பண்ற காட்சிய எடு. கடைக் கண்ணாடிய வண்டியில ஏத்துவாங்கல்ல, அதுல சுவர்க் கேமரா தெரியணும். அதுக்கப்புறம் உண்மையச் சொல்லு. படத்துல சொல்லு."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இப்பவே சொன்னா பிரச்சனை முடிஞ்சிடும். படமும் முடிஞ்சிடும். என்ன அண்ணே பண்ணட்டும்?"

முதல் வரைவில், "உடனே போய்ச் சொல்லு பெண்ணே, ஒரு மனுஷியோட வீடு" என்று நான் சொல்வதாக எழுதியிருந்தேன். அந்த வரைவில் நான் மிகவும் நன்றாக இருந்தேன். உண்மையில் "கொஞ்சம் யோசிச்சுப் பண்ணு" என்றேன். எனக்கும் அப்போது கதை நாலாம் பகுதியில் நின்றுகொண்டிருந்தது.

6

செலாசி யோசித்து ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தாள். யாரையும் திருத்த வேண்டாம், பேராசிரியரிடமும் கெட்ட பெயர் வேண்டாம், வீடும் போகாது. அதைச் சொல்ல செர்வா அக்காவின் கடைக்குப் போனாள். நானும் போனேன். அக்கா ஒரு தலையில் பாதி பின்னியிருந்தார். விஷயத்தை விளக்கியதும் அவர் விரல்கள் நின்றன.

"அப்போ அது சோத்தாங்கைதான்?"

"ஆமா அக்கா."

"நல்லா தெரியுமா உனக்கு?"

"ரெண்டு படத்தையும் பக்கத்துல வச்சுப் பாத்துட்டேன்."

அக்கா நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து அழுதார். கொஞ்சம் நேரம்தான். பிறகு வலது கையை மடியில் வைத்து இன்னொரு கையால் தடவிக் கொடுத்தார். பாதித் தலையோடு இருந்த வாடிக்கையாளர் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் பெருசா பண்ண வேணாம் அக்கா" என்றாள் செலாசி. "நாளைக்கு நீங்க நொட்டாங்கையத் தூக்குங்க. அவருக்கு அது சோத்தாங்கையாத் தெரியும். சந்தோஷப்படுவாரு. அட்வான்ஸ் வாங்கிக்குவாரு. முடிஞ்சது."

அக்கா நிமிர்ந்தார்.

"எங்கப்பா வயசு அவருக்கு. அவருக்கு நொட்டாங்கையக் காட்டச் சொல்றியா?"

"அவருக்குத் தெரியாதே."

"எனக்குத் தெரியுமே." நூலை எடுத்து மறுபடி பின்ன ஆரம்பித்தார். "அவரு தப்பாப் பாத்தா அது அவரு கண்ணு. நான் தப்பாக் காட்டினா அது என் கை. வீடு போகட்டும் விடு."

பிறகு தலையைத் தூக்காமலே கேட்டார்.

"இது உனக்கு எப்போ தெரிஞ்சுது?"

செலாசி என்னைப் பார்த்தாள். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"உனக்கு?"

நான் கண்ணாடியில் தெரிந்த பாதித் தலையைப் பார்த்தேன். இந்தப் பகுதியை எப்படியாவது இன்னொரு விதமாக முடிக்கலாம் என்று பார்த்தேன். "அக்கா புன்னகைத்து எங்கள் இருவரையும்" (இல்லை. அவர் புன்னகைக்கவில்லை. "வெளிச்சத்த மறைக்காம தள்ளி நில்லுங்க" என்றார்.)

7

அன்றைக்குச் சாயங்காலமே செலாசி முற்றத்தின் நடுவில் போய் நின்றாள். தன் கேமராவை எடுத்து வரவில்லை. பொட்டு எரிந்தது.

"ஐயா, உங்க கேமரா இடம்வலம் மாத்திக் காட்டுது. செர்வா அக்கா தூக்குனது சோத்தாங்கைதான்."

"நேத்துப் பொறந்த நீ, என் வீட்டப் பத்தி எனக்குச் சொல்ல வந்துட்டியா? அடுத்த மாசம் நீயும் வேற எடம் பாக்கறியா?"

அவள் நகரவில்லை. "உங்க வீட்டுலதான ஐயா நாங்க இருக்கோம். குழாய் எந்தப் பக்கம்னு எங்களக் கேளுங்க."

சுவர் கொஞ்சம் யோசித்தது. "சரி. எல்லாரும் வெளிய வாங்க. மூணு வருஷமா பல்லி மாதிரி சுவத்துல ஊர்றீங்களே, நீங்களும்தான். எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? இங்க வந்து முதுகக் காட்டி, நான் பாக்குற பக்கமே பாத்து நில்லுங்க. குழாயக் காட்டுங்க."

வந்தார்கள். டெட்டே, மனைவி, பிள்ளைகள், எல்லோரும். முதுகைக் காட்டி நின்று ஒரே சமயத்தில் குழாயைக் காட்டினார்கள். மரியாதையாக, வலது கையால், வலது பக்கம்.

ஹாம்பர்க்கில் அது எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மொத்த வீடும் சேர்ந்து அவருக்கு நொட்டாங்கையை நீட்டி நிற்கிறது. ஒரே ஒருவன் மட்டும் சோத்தாங்கை. அது நான்தான். பழக்க தோஷம்.

சுவர் கத்தப் போகிறது என்று காத்திருந்தோம். கத்தவில்லை. நெடுநேரம் கழித்துக் குரல் வந்தது. கோட் போடாத குரல்.

"ஒருத்தி அவமானப்படுத்துவா. ரெண்டு பேரு படுத்துவாங்க. பச்சப்புள்ளைங்க முதக்கொண்டு எல்லாருமா?"

நீட்டிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

"அப்போ குவாக்கு சமையலறைய எந்தப் பக்கம் கட்டினான்?"

"வரைபடத்துல எப்படியோ அப்படி, ஐயா" என்றார் செர்வா அக்கா. "வலது பக்கம்."

பொட்டு அணைந்தது. அதற்குப் பிறகு சுவர் பேசவே இல்லை. குழாயை யாரோ திறந்து விட்டுப் போனார்கள், அது பாட்டுக்கு ஓடியது. டெட்டேயின் மனைவி வேண்டுமென்றே இருமிப் பார்த்தார். பதில் இல்லை.

8

பேராசிரியர் ஒரு முடிவு கேட்கிறார்: அக்கா வெளியேறுகிறார், வண்டியில் கண்ணாடி, கண்ணாடியில் கேமரா. அதற்குப் பரிசு கிடைக்கும். எனக்குத் தெரிந்த பத்திரிகை ஆசிரியர் ஒருவர் வேறு முடிவு கேட்பார்: பெரியவர் பொத்தானைத் தட்டுகிறார், தம்பிக்குப் போன் போடுகிறார், இரண்டு பேரும் அழுகிறார்கள். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் நான் எல்லாம் தெரிந்தவனாக மேலே உட்கார்ந்திருந்தேன், சுவரில் மாட்டிய மாதிரி. கிழித்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பொத்தானைத் தட்டுவது சுலபம். தட்டிய அடுத்த நிமிடம், மூன்று வருடத்துக்கு முன் தன் தம்பி சொன்னது பொய் இல்லை என்பதை அவர் பார்த்தாக வேண்டும். அந்தக் கிழவரின் விரல் அந்த ஒற்றை அறையில் எங்கே நிற்கிறது என்பது எந்தக் கேமராவிலும் வராது.

இன்று மாதத்தின் கடைசி நாள். வெளியே வண்டி நிற்கிறது. கடைக் கண்ணாடியைப் போர்வையில் சுற்றி வாசலில் சாய்த்து வைத்திருக்கிறார்கள். செலாசி படிக்கட்டில் இருக்கிறாள், மடியில் கேமரா மூடியபடி. பல்லிப் பாதையில் இன்றைக்கு யாரும் போகவில்லை. எல்லோரும் வாசல்களில் நிற்கிறார்கள், நான் ஜன்னலில்.

செர்வா அக்கா முற்றத்தின் நடுவுக்கு வருகிறார். முழங்காலை மடக்குகிறார். வலது கையை உயர்த்துகிறார்.

"காலை வணக்கம் ஐயா. நல்லா தூங்குனீங்களா?"

சிவப்புப் பொட்டு எரிகிறது. யாரோ பார்க்கிறார்கள். சத்தம் இல்லை. அக்கா கையை இறக்கவில்லை. பதில் வராமல் இறக்க மாட்டார் என்று முன்னமே சொல்லியிருக்கிறேன்.

நான் பேனாவை மூடுகிறேன். என் ஜன்னலையும் மூடுகிறேன். இனி நான் பார்க்கவில்லை. ஆனால் முதல் வரியிலிருந்து இந்த முற்றத்தைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருப்பவர் இன்னொருவர் இருக்கிறார். அவரிடமும் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை. வணக்கம் சொன்னவரை இப்படிக் கையை உயர்த்தியபடி நிறுத்தி வைப்பது, நொட்டாங்கையைக் காட்டுவதைவிடப் பெரிய அவமரியாதை இந்த வீட்டில்.

அக்கா உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஏதாவது சொல்லுங்கள்.